சோலைக்காட்டு ஓடையில் நீர் அளந்த அனுபவம்

நீலகிரியின் மேற்கு விளிம்பில், முக்குருத்தி பக்கம், ஓர் ஓடையின் நீர் விளைவை மதிப்பிடும் வேலையில் கொஞ்ச காலம் இருந்தேன். காப்புக்காடு தரும் தண்ணீருக்குக் கணக்கு கேட்பவர்கள் இப்போது அதிகம். இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

அடிப்படை எளிதுதான். பெய்த மழையில், மரஞ்செடிகள் உறிஞ்சி வெளிவிடுவதும் மண்ணிலிருந்து ஆவியாவதும் போக மிஞ்சுவது நீர் விளைவு. ஒரு ஹெக்டேரில் 1 மி.மீ. மிஞ்சினால் 10,000 லிட்டர். மழை, வேர் ஆழம், மண்ணின் நீர்ப்பிடிப்பு, நிலத்தில் என்ன வளர்கிறது என்பதையெல்லாம் கொடுத்தால் இன்வெஸ்ட் போன்ற மென்பொருள் ஆண்டு மொத்தத்தைச் சொல்லிவிடும்.

சிக்கல் மழையிலேயே தொடங்குகிறது. ஊட்டியில் ஓர் ஆண்டுக்குப் பெய்வது சுமார் 1,200 மி.மீ. கொஞ்ச தூரம் தள்ளியிருக்கும் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. ஊட்டி மழைமானியை நம்பி முக்குருத்திக்குக் கணக்குப் போட்டால், வேர் ஆழத்தை எவ்வளவு நுணுக்கமாகத் திருத்தினாலும் விடை தேறாது.

அடுத்து ஓடை. வி வடிவ வெட்டுள்ள தகட்டைக் குறுக்கே வைத்து, அதில் வழியும் நீரின் உயரத்தைப் பார்த்து ஓட்டத்தைக் கணக்கிடுவோம். ஓட்டம் உயரத்தின் 2.5 அடுக்கில் கூடுகிறது. அதனால் உயரத்தில் 4 சதவீதம் பிசகினால் ஓட்டத்தில் 10 சதவீதம் பிசகும். சோலை இலை இரண்டு வெட்டில் ஒட்டிக்கொண்டாலே பின்னால் தண்ணீர் ஏறிவிடும். போனதும் இலையை எடுத்துவிட்டு, மட்டம் இறங்கி நிலைக்கும்வரை காத்திருந்துதான் அளவு குறிப்போம்.

கூட வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் ஒரு நாள் சொன்னார்: “மழைக்காலத்துல மட்டும் அளந்துட்டுப் போயிடாதீங்க சார். மார்ச், ஏப்ரல்ல வாங்க. எந்த ஓடை நிக்குது, எது ஓடுதுன்னு அப்பத்தான் தெரியும்.”

என்னைக் கேட்டால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. ஆண்டு மொத்தத்தை மட்டும் பார்த்தால், காடு அழிந்த மொட்டை நிலம் அதிக நீர் தருவதாகக்கூட வரும். உறிஞ்ச மரம் இல்லையே! ஆனால் அது மழையோடு மழையாக மண்ணையும் அடித்துக்கொண்டு ஓடிவிடும் தண்ணீர்.

அதற்காக மரம் நட்டால் போதும் என்பதும் சரியில்லை. கிளன்மார்கனில் ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் பக்கத்துப் பக்கத்து இரு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை ஒப்பிட்டது. புல்வெளியில் 1972இல் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்ட பகுதியில், முதல் பத்தாண்டுச் சுற்றில் நீர் விளைவு சுமார் 16 சதவீதம் குறைந்தது. கோடை ஓட்டம் அதைவிட மோசமாக அடி வாங்கியது. சோலையும் புல்வெளியும் சேர்ந்திருக்கும் மலையில், புல்வெளியை “வெற்று நிலம்” என்று வகைப்படுத்தும் வரைபடத்தைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பெரியாறு புலிகள் காப்பகம் தமிழக மாவட்டங்களுக்குத் தரும் நீரின் மதிப்பு ஆண்டுக்கு சுமார் 405 கோடி ரூபாய் என்று 2015 மதிப்பீடு ஒன்று சொன்னது. பேச்சுவார்த்தையில் அப்படியொரு தொகை உதவும், மறுக்கவில்லை. ஆனால் தேனி விவசாயிக்கு அந்தத் தண்ணீர் எந்த மாதம் வருகிறது என்பதும் அறிக்கையில் வர வேண்டும். ஜனவரி முதல் மே வரையிலான ஓட்டத்தைத் தனிப் பத்தியாகக் காட்டுங்கள். ஓடை சிறுத்துவிட்ட மாதங்களில் 10 லிட்டர் வாளியும் ஸ்டாப்வாட்சும் இருந்தாலே அளந்துவிடலாம்.