இடம்னா ஞாபகமா, சுவரா? ஒரு தாப்பா கிளப்பின சண்டை

பழையசாவி:
22 வருஷம் கழிச்சு நாங்க முன்னாடி வாடகைக்கு இருந்த வீட்டுக்குள்ள போய்ப் பாக்க ஒரு சான்ஸ் கிடைச்சுது, இப்ப இருக்கறவங்க நல்ல மனுஷங்க, சுத்திப் பாத்துக்கோங்கன்னு விட்டுட்டாங்க. ஹால், ரூம், ஜன்னல் எல்லாம் அப்படியேதான் இருக்கு, ஆனா எனக்கு ஒண்ணுமே தோணல, யாரோ வீட்டுல கையக் கட்டிக்கிட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. பின்பக்கக் கதவுகிட்ட போனதும் கை தானா தாப்பாவ லேசா மேல தூக்கி, உள்ள அழுத்தி, அப்புறம் இழுத்துச்சு. அது அப்படித்தான் திறக்கும், நேரா இழுத்தா வராது. நான் யோசிக்கவே இல்ல! அந்த நொடில மொத்த வீடும் திரும்பி வந்துருச்சு. அதான் சொல்றேன், இடம்னு வெளில தனியா ஒண்ணும் கிடையாது, ஞாபகத்த எடுத்துட்டா மிச்சம் செங்கலும் சிமெண்டும்தான். மறுக்கறவங்க வரலாம்.

நேர்க்கோடு:
வந்துட்டேன். உங்க கதையே உங்களுக்கு எதிரா சாட்சி சொல்லுது பாஸ். ஞாபகம்தான் எல்லாம்னா ஹால்ல நின்னப்பவே வந்துருக்கணும்ல, உங்க மண்டை அப்பவும் உங்க கழுத்து மேலதானே இருந்துச்சு? வரல. தாப்பாவத் தொட்டதும்தான் வந்துச்சு. ஹவுஸ் ஓனர் போன வருஷம் அத மாத்தியிருந்தா நீங்க வெறும் கையோட திரும்பி வந்துருப்பீங்க. உங்க வீடு அந்த இரும்புத் துண்டுலதான் இருந்துச்சு.

எலிப்பொறி:
ரெண்டு பேரும் மூளைய உருட்டறீங்க, ஆனா மூளை பத்தி ஒரு வரி இல்ல. 1971ல ஜான் ஓ'கீஃப், டோஸ்ட்ரோவ்ஸ்கின்னு ரெண்டு விஞ்ஞானிங்க எலியோட ஹிப்போகேம்பஸ்ல, அதாவது மூளைல ஞாபகத்துக்கும் வழி கண்டுபிடிக்கறதுக்கும் முக்கியமான பகுதில, சில செல்களப் பாத்தாங்க, எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்குப் போனா மட்டும் அந்த செல் துடிக்கும், வேற பக்கம் போனா கம்முனு கிடக்கும். 2014ல இதுக்காக ஓ'கீஃபுக்கும், இடம் அறியற வேற வகை செல்களக் கண்டுபிடிச்ச மோசர் தம்பதிக்கும் சேத்து நோபல் கொடுத்தாங்க. எலி இடத்த ஒரு தடவ பாத்துட்டா அப்புறம் லைட்ட அணைச்சாலும் அதே இடத்துல அதே செல் துடிக்கும், அது பழையசாவிக்கு பாயிண்ட். ஆனா பெட்டியோட வடிவத்த நல்லா மாத்திட்டா பழைய வரைபடம் கலைஞ்சு புதுசா போட ஆரம்பிச்சுரும், அது நேர்க்கோடுக்கு. சண்டை டிரான்னு எழுதிக்கறேன்.

நேர்க்கோடு:
டிரா எல்லாம் வேணாம். எலிக்கு மூலை தெரியும், சரி, அந்த மூலைக்காக அது ஏங்குமா? வழி தெரியறது வேற, என் இடம்னு தோணறது வேற.

பழையசாவி:
அதத்தானே நானும் சொல்றேன், ஏங்கறதுக்கு ஞாபகம் வேணும். போலந்து தலைநகர் வார்சாவோட பழைய நகரத்த எடுத்துக்கோங்க. 1944ல நாஜிகள எதிர்த்து அங்க நடந்த எழுச்சி சமயத்துல நாஜிப் படை 85 சதவீதத்துக்கு மேல தரைமட்டம் ஆக்கிருச்சு. போருக்கு அப்புறம் பெல்லோட்டோங்கற ஓவியர் 18ஆம் நூற்றாண்டுல வரைஞ்ச ஓவியங்கள வச்சும், போருக்கு முன்னாடி எடுத்த அளவு வரைபடங்கள வச்சும் திரும்பக் கட்டினாங்க, 1980ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்லயும் வந்துருச்சு. சுவரே இல்லாம மக்கள் மனசுல மட்டும் இருந்த ஊர். சுவர்தான் இடம்னா அது 1944லயே முடிஞ்சிருக்கணுமே?

நேர்க்கோடு:
ஓவியம், வரைபடம். ரெண்டும் காகிதமும் துணியும், மனசு இல்ல! மனசுல இருந்தத மட்டும் நம்பிக் கட்டியிருந்தா ஆளுக்கொரு ஜன்னல் சொல்லியிருப்பாங்க. இப்ப அங்க இருக்கற இருபது வயசுப் பையனுக்கு இடிஞ்சதும் ஞாபகம் இல்ல, முன்னாடி இருந்ததும் ஞாபகம் இல்ல, அவனுக்கும் அது சொந்த ஊர்தான்.

இதையும் சேத்துக்கோங்க. ஹென்றி மொலாய்சன்னு ஒருத்தர், எச்.எம்.னு பாடப்புத்தகத்துல எல்லாம் வருவார். வலிப்புக்காக 1953ல மூளைல ஆபரேஷன் பண்ணினதுல ஹிப்போகேம்பஸ்ல ஒரு பெரிய பகுதி போச்சு, அதுக்கப்புறம் நடந்தது எதுவும் பதியல, பேசிட்டுப் போனவரு அஞ்சு நிமிஷத்துல திரும்பி வந்தா புது ஆள். அப்பேர்ப்பட்ட மனுஷன் 1958ல குடிபோன வீட்டோட தரைப்படத்த, எந்த ரூம் எங்கன்னு, சரியா வரைஞ்சு காட்டினார். அந்த வீட்டுல நடந்த கதை ஒண்ணு அவர்கிட்ட இல்ல. தினமும் நடந்து நடந்து வீடே அவருக்குள்ள ஏறிருச்சு. இப்ப சொல்லுங்க, இது உங்க ஞாபகமா, என் சுவரா?

பழையசாவி:
நடந்து நடந்து ஏறினதும் ஞாபகம்தான்யா. கதையா சொல்லத் தெரியாத ஞாபகம். என் கைல இருந்தது மாதிரி.

நேர்க்கோடு:
அப்படிப் பாத்தா எல்லாமே ஞாபகம், வார்த்தைய ரப்பர் மாதிரி இழுக்கறீங்க.

நிலைப்படி:
ரொம்ப நேரமா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், எங்க வீட்டுல நடக்கறத சொல்லிட்டுப் போறேன். எங்க அம்மாவுக்கு மறதி நோய், மூணாவது வருஷம். நாப்பது வருஷமா இருக்கற அதே வீட்டுல, அதே நாற்காலில உக்காந்துகிட்டு, சாயங்காலம் ஆனா "இருட்டுது, வீட்டுக்குப் போலாம் வா"ன்னு ஆரம்பிச்சுருவாங்க. இதான்மா வீடுன்னு சொல்லிப் பாத்து நாங்க ஓய்ஞ்சுட்டோம். சுவர் ஒரு இன்ச் நகரல, ஆனா அவங்களுக்கு இடம் போயிருச்சு. அதனால பழையசாவி சொல்றதுதான் சரின்னு எழுத வந்தேன். ஆனா ராத்திரி லைட் போடாம பாத்ரூமுக்கு சரியா போய்ட்டு வர்றாங்க, கதவு, திருப்பம் எதுவும் தப்பறதில்ல. அதனால யார் கட்சின்னு எனக்கே தெரியல.

நேர்க்கோடு:
மன்னிச்சுக்கோங்க, நான் கொஞ்சம் ஓவரா வாதாடிட்டேன். வீட்டுக்குப் போலாம்னு கேக்கறப்ப என்ன பண்றீங்க?

நிலைப்படி:
கூட்டிட்டுப் போறோம். தெருமுனை வரைக்கும் கையப் பிடிச்சு நடந்து, திருப்பிக் கூட்டிட்டு வந்து "வந்தாச்சும்மா"ன்னு சொல்லுவோம். சில நாள் ஒத்துக்குவாங்க, சில நாள் வாசல்ல நின்னு "இது யார் வீடு"ன்னு கேப்பாங்க.

நேர்க்கோடு:
படி ஏறறது கஷ்டமா இருக்குமே?

நிலைப்படி:
இல்ல, அது மட்டும் பழக்கம்தான். மூணாவது படி மத்தத விட கொஞ்சம் உயரம், கட்டினப்பவே கொத்தனார் விட்ட தப்பு, புதுசா வர்றவங்க எல்லாம் அதுல இடிச்சுக்குவாங்க. இது யார் வீடுன்னு கேட்டுக்கிட்டே அம்மா அந்தப் படிக்கு மட்டும் கால கூடுதலா தூக்கறாங்க.