ரௌட்டரின் ஆழத் திருகு தானாகச் சுழல்கிறது, வழி சொல்லுங்கள்

குழுவில் உள்ள தச்சர் அண்ணன்மார்களுக்கு வணக்கம். பெங்களூரு அல்சூரில் சிறிய மரப் பட்டறை வைத்திருக்கிறேன். கை ரௌட்டரில் (மரத்தில் பள்ளம் வெட்டும் சுழல் இயந்திரம்) வெட்டின் ஆழம் வைக்கும் திருகு, ஓடும்போது அதிர்விலேயே சுழன்றுவிடுகிறது. அலமாரிப் பலகையில் ஒரு முனையில் 6 மில்லிமீட்டராக ஆரம்பிக்கும் காடி (நீளப் பள்ளம்), மறுமுனையில் 7 ஆகிவிடுகிறது. தேக்கு விற்கிற விலையில் இது விளையாட்டா?

கோணம் வைத்து அறுக்கும் மைட்டர் ரம்பத்தின் 90 டிகிரி நிறுத்தத் திருகுக்கும் இதே நோய்தான். ஆனால் அதை ஒருமுறை சரிபார்த்து வைத்தால் போதும், லாக்டைட் (திருகு மரை கழலாமல் பிடிக்கும் பசை) போட்டுவிடலாம். அதில் நீல நிற 243 வகை சாதாரண ஸ்பேனருக்கே கழன்று வரும். ஊதா 222 அதைவிட இளக்கமானது, சிறு திருகுகளுக்கு ஏற்றது. சிவப்புப் பக்கம் போகவே மாட்டேன், சூடு காட்டாமல் அசையாது.

ரௌட்டர் திருகை வேலைக்கு வேலை திருப்ப வேண்டும், எனவே பசை உதவாது. போதாக்குறைக்கு உடல் பிளாஸ்டிக். சில பிளாஸ்டிக்குகளில் இந்தப் பசை பட்டால் விரிசல் விடும். எஸ்.ஜே.பி. சாலைக் கடைக்காரர் ஸ்பிரிங் வாஷரைக் கையில் திணித்தார். தலை வரை இறுக்காத திருகில் அது எதை அழுத்தும்?

திருகில் சுருள் ஸ்பிரிங் மாட்டியவர்கள், மரையில் டெஃப்லான் டேப் சுற்றியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எத்தனை மாதம் தாங்கியது? எம்5 (5 மில்லிமீட்டர் விட்டம்) திருகுக்குப் பொருந்தும் ஸ்பிரிங் இங்கே சில்லறையாக எந்தப் பக்கம் கிடைக்கும்?