புதுப்பிப்பு: பனங்கொட்டை ஊன்றின கதை என்ன ஆச்சு?

பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஊருக்கு உருப்படியாக ஏதாவது செய்ய வைப்பது எப்படி என்று ஆகஸ்டில் இங்கே கேட்டிருந்தேன். சேரன்மகாதேவி பக்கம் ஒரு பள்ளியில் வாத்தியார் நான். உறுதிமொழி, பேச்சுப்போட்டி எதுவும் எடுபடவில்லை என்று புலம்பியதும் ஞாபகம் இருக்கலாம். "கையால் செய்கிற சின்ன வேலையாகக் கொடுங்க" என்றார் ஒருவர். அதையே பிடித்துக்கொண்டேன்.

ஒரு பனம்பழத்தில் பெரும்பாலும் மூன்று கொட்டை. ஆளுக்கு ஒரு பழம், அவ்வளவுதான் வேலை. ஊராட்சியில் கேட்டுக்கொண்டு, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பர் கடைசியில் குளத்துக்கரையில் ஊன்றினோம். முதல் சனிக்கிழமை வந்தது 9 பேர். அடுத்த வாரம் 31. என் பேச்சில் மயங்கி அல்ல. கரையில் பழம் சுட்டுத் தின்கிறோம் என்ற சேதி பரவிவிட்டது.

அப்புறம்தான் கூத்து. பொங்கலுக்கு முந்தின வாரம் போய்ப் பார்த்தால் கரை நெடுகக் குழி. பனை முதலில் மண்ணுக்குள் கிழங்காக இறங்கும், பிறகுதான் ஓலை விடும். எங்கள் பக்கம் கிழங்கு இல்லாமல் பொங்கலா? வகுப்பில் கேட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"ஆச்சி கேட்டா சார். நாலஞ்சுதான் எடுத்தேன். நோஞ்சானாத்தான் இருந்துச்சு."

திட்ட வாய் வரவில்லை. மிச்சக் குழிக்கு யார் பொறுப்பென்று இன்னும் தெரியவில்லை. இப்போது தப்பித்தவற்றில் ஒற்றை ஓலை எட்டிப்பார்க்கிறது. மேய வரும் ஆடுகளை விரட்டுவது அந்தக் கடைசி பெஞ்சுக்காரன்தான்.