திரும்பி வரும் ஜோடியும் சுயமதிப்பும்: ஒரு லைன் சூப்பர்வைசரின் கேள்வி

தையல்பிரிவு (ஆம்பூர்):

அனைவருக்கும் வணக்கம். ஆம்பூர் அருகே ஏற்றுமதிக்குக் காலணி செய்யும் ஒரு கம்பெனியில், அப்பர் எனப்படும் காலணியின் மேல்பாகத்தைத் தைக்கும் பிரிவில் பல ஆண்டுகள் மெஷினில் உட்கார்ந்த என்னைச் சென்ற ஆண்டு அதே லைனுக்கு சூப்பர்வைசராக்கினார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்களே லைனில் பெரும்பாலோர். தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் அங்கே புழங்கும். மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்து உண்ட தோழிகள் இப்போது வேலைக்கு வேண்டியதற்கு மேல் என்னிடம் பேசுவதில்லை.

செக்கிங் மேசையிலிருந்து ஒரு ஜோடி திரும்பி வரும்போது, தையல் விலகிய இடத்தில் சிறு சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது தோலில் உள்ள குறையைத்தான் காட்டுகிறது என்று புத்திக்குத் தெரிந்தாலும், என்னைச் சுட்டுவதாகவே மனம் எடுத்துக்கொள்கிறது. செக்கரிடம் விவரம் கேட்கத் தோன்றுவதில்லை. காலைக் கூட்டத்தில், கட்டிங் பிரிவிலிருந்தே தோல் தடிமன் மாறி வந்தது என்று சொல்ல வேண்டிய இடத்திலும் வாய் திறக்க முடியவில்லை. இந்த இறுக்கம் லைனில் என் பேச்சில் தெரிகிறது என்று மூத்த அக்கா ஒருவர் ஜாடையாகச் சொன்னார்.

கம்பெனி ஏற்பாடு செய்த பயிற்சி வகுப்பில், சுயமதிப்பை உயர்த்திக்கொண்டால் எல்லோருடனும் உறவு தானாகச் சீராகும் என்றார்கள். அது உண்மையா? உண்மையென்றால் எங்கிருந்து தொடங்குவது?

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை):

வணக்கம் அம்மா. சிப்காட் தொழிற்சாலைகளில் பணியாளர் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். பயிற்சி வகுப்பில் சொன்னதில் பாதிதான் சரி. ராய் பாமைஸ்டர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் சுயமதிப்பைப் பற்றி அதுவரை நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2003இல் ஒரு விரிவான மதிப்பீட்டை வெளியிட்டார்கள். சுயமதிப்பு மிகுந்தவர்கள் தாங்கள் எல்லோருக்கும் பிடித்தவர்கள், நன்றாகப் பழகுகிறவர்கள் என்று தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறார்கள். ஆனால் உடன் இருப்பவர்களிடம் கேட்டால் அது பெரும்பாலும் உறுதிப்படவில்லை. சுயமதிப்பு மனத்துக்கு நிம்மதியும், ஒன்றில் தோற்றால் விடாமல் முயலும் தெம்பும் தருகிறது என்பதை அவர்கள் மறுக்கவில்லை. அதை மட்டும் ஊதிப் பெருக்கினால் கூட்டுவேலை சீராகிவிடும் என்பதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை.

உங்கள் நிலையில் சுயமதிப்பு உயர்வா தாழ்வா என்பதைவிட, அது எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்பது முக்கியம். ஜெனிஃபர் க்ராக்கர் என்ற ஆய்வாளர் இந்தக் கோணத்தை நன்கு விளக்கியிருக்கிறார். இன்றைய உற்பத்தி எண்ணிக்கை, இன்று திரும்பி வந்த ஜோடி, இன்று மேலாளர் முகம் சுளித்தாரா இல்லையா என்பவற்றின்மேல் ஒருவர் தம் மதிப்பை ஏற்றி வைத்தால், அது ஷிப்டுக்கு ஷிப்ட் ஏறி இறங்கும். அப்படி இருக்கும்போது குறை சொல்லும் எவரும் எதிரியாகவே தெரிவார். அவர் தரும் தகவல் காதில் ஏறாது. வெறும் கையால் தொட்டே தோலின் தடிமன் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கும் உங்கள் திறமை, ஒரு ஜோடி திரும்பி வந்ததால் எங்கும் போய்விடவில்லை. அந்தத் திறமையை நம்பித்தான் உங்களை அந்த இடத்தில் உட்கார வைத்தார்கள்.

தன்னை அறிவது என்றவுடன் தனியாக அமர்ந்து யோசிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஜோசப் லுஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இருவர் 1955இல் உருவாக்கிய ஜோஹாரி சாளரம், நம்மைப் பற்றி நமக்கும் பிறருக்கும் எது தெரியும், எது தெரியாது என்று பிரித்துக் காட்டும் ஒரு படம். அதில் நான்கு கட்டங்கள் உண்டு. அவற்றில் ஒன்று, பிறருக்குத் தெரிந்து நமக்குத் தெரியாத பகுதி. எவ்வளவு யோசித்தாலும் அந்தக் கட்டம் தானாகத் திறக்காது, பிறரிடம் கேட்டால்தான் திறக்கும். உங்கள் குரல் மாறுவதை அந்த மூத்த அக்கா பார்த்திருக்கிறார், நீங்கள் பார்க்க வாய்ப்பே இல்லை. ஆகவே அவரிடமிருந்து தொடங்குங்கள். ‘நான் எப்படி நடந்துகொள்கிறேன்?’ என்று பொதுவாகக் கேட்டால், ‘நன்றாகத்தான் இருக்கிறீர்கள்’ என்ற மரியாதை வார்த்தைதான் வரும். ‘ஜோடி திரும்பி வந்த பிறகு நான் லைனில் என்ன சொல்கிறேன், எந்தக் குரலில் சொல்கிறேன்?’ என்று ஒன்றை மட்டும் குறிப்பாகக் கேளுங்கள்.

இரவுப்பணி (வேலூர்):

அக்கா, நான் மருத்துவமனை வார்டில் செவிலியராக இருக்கிறேன். ஏமி எட்மண்ட்சன் என்ற பேராசிரியர் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றிச் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் அதிகம் பேசப்படுவது. நல்ல தலைமையும் நல்ல உறவும் உள்ள வார்டுகளில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். ஆனால் அத்தகைய வார்டுகளில்தான் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. அங்கே இருப்பவர்கள் பயமின்றி வெளியே சொன்னதே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். உங்கள் லைனில் ஊசி மழுங்கியதையும் நூல் அறுந்ததையும் பெண்கள் உங்களிடம் உடனே வந்து சொல்கிறார்களா, அல்லது செக்கிங் மேசை கண்டுபிடிக்கும் வரை அமைதியாக இருக்கிறார்களா என்று கவனியுங்கள். அவர்களுக்கு உங்கள்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

ஷிப்ட் மாறும்போது நாங்கள் நோயாளியின் விவரத்தை ஒப்படைக்கும் முறையில், நடந்தது முதலில் வரும், யார் செய்தது என்பது தேவைப்பட்டால் மட்டும் வரும். செக்கர் ஜோடியை நீட்டும்போது நீங்களும் ‘எந்த இடம், எத்தனை ஜோடியில், எந்த நேரத்திலிருந்து?’ என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு உங்களைவிட்டு விலகித் தோலின்மேல் திரும்பும். கட்டிங் பிரிவைப் பற்றிக் கூட்டத்தில் சொல்வதற்கும் அதே விவரம் கைவசம் இருக்கும்.

காட்பாடிக்காரன்:

எல்லாவற்றையும் அந்தச் சகோதரியின் மனத்தின்மேல் சுமத்திவிட வேண்டாம். எட்மண்ட்சன் 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்தபோது, பேசத் துணிவது தனி ஆளின் குணத்தைவிடக் குழுவில் நிலவும் சூழலைச் சார்ந்தது என்றுதான் எழுதினார். வைகாசி வெயிலில், தகரக் கூரையின்கீழ், மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட்டோடு நிற்கும் ஒருவரைக் காலைக் கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் நிறுத்திக் கேள்வி கேட்டால், எப்பேர்ப்பட்டவருக்கும் வாயடைத்துத்தான் போகும். அந்தக் கூட்டம் நடத்தப்படும் முறையை மாற்றச் சொல்லி மேலாளரிடம் மற்ற லைன் சூப்பர்வைசர்களும் சேர்ந்து பேச வேண்டும்.

தையல்பிரிவு (ஆம்பூர்):

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பக்கத்து லைன் சூப்பர்வைசரும் கூட்டத்தைப் பற்றி இதேபோல் வருந்தியிருக்கிறார், அவரோடு பேசுகிறேன். ஐயா, ஒரு சந்தேகம். மூத்த அக்காவிடம் தனியாகக் கேட்பதா, லைனில் எல்லோரையும் வைத்துக் கேட்பதா? அவர் வீட்டில் பேசுவது உருது. தமிழில் சுருக்கமாகத்தான் பேசுவார்.

பாலாற்றங்கரை (ராணிப்பேட்டை):

முதல்முறை தனியாகவே கேளுங்கள் அம்மா, டீ இடைவேளையில் கேட்டால் இயல்பாக இருக்கும். உங்களுக்கு உருது ஓரளவு வருமென்றால் அதிலேயே தொடங்குங்கள். அரைகுறையாக இருந்தாலும் பாதகமில்லை, அவருக்குப் பேச்சு தாராளமாக வரும். அவர் சொல்லும்போது காரணம் சொல்லாதீர்கள், நியாயப்படுத்தாதீர்கள், குறித்துக்கொள்ளவும் வேண்டாம். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்து, அடுத்த ஜோடி திரும்பி வரும்போது மாற்றிச் செய்யுங்கள். சில நாள் கழித்து, ‘இப்போது எப்படி இருக்கிறது?’ என்று அவரிடமே திரும்பக் கேளுங்கள். லைனில் எல்லோரிடமும் கேட்பதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.