புதுப்பிப்பு: சரக்குவ கடற்கரையும் சல்லடையும்

2021-இல் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பலிலிருந்து ஒதுங்கிய பிளாஸ்டிக் குருணைகளை இலங்கையின் சரக்குவ கரையில் இன்னும் சல்லடையால் சலிக்கிறோம் என்று முன்பு எழுதியிருந்தேன். அந்த மாசு குறித்த வழக்கு என்ன ஆனது என்று பலர் கேட்டீர்கள்.

2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம் (அங்கே அதுதான் உச்ச நீதிமன்றம்) 100 கோடி டாலர் இழப்பீடு கட்டச் சொன்னது. செப்டம்பரில் கப்பல் நிறுவனம் மறுத்துவிட்டது. சரி, எதிர்பார்த்ததுதான்.

அப்புறம், சல்லடையை மூட்டை கட்டிவிட்டோம். ஈர மணலில் அடைத்துக்கொள்கிறது. இப்போது வாளித் தண்ணீரில் மணலைக் கொட்டிக் கலக்கினால் குருணை மேலே மிதக்கிறது. தேநீர் வடிகட்டியால் அள்ளிவிடலாம். அன்று வெள்ளையாக, பருப்பளவில் இருந்தவை மஞ்சளித்துவிட்டன. தீயில் கருகியவைதான் பெரும் தொல்லை: விரல் பட்டாலே பொடிகின்றன, மணலுக்குள் போனால் கண்டுபிடிக்க முடியாது. போன ஞாயிறு அரை வாளி தேறியது.