ஸ்பேஸ் இன்வேடர்ஸ் கட்டுரை: 100 யென் நாணயத் தட்டுப்பாட்டுக்குச் சான்று வேண்டும்

நண்பர்களே, நாணயம் போட்டு ஆடும் பழைய வீடியோ விளையாட்டான ஸ்பேஸ் இன்வேடர்ஸ் பற்றிய கட்டுரையைத் தமிழ் விக்கிப்பீடியாவுக்காகச் செம்மைப்படுத்தி வருகிறேன். ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: "இந்த விளையாட்டால் ஜப்பானில் 100 யென் நாணயங்களுக்குத் தட்டுப்பாடு வந்தது." மதிப்பாய்வு செய்தவர் அதற்குச் சான்று கேட்கிறார். கேட்பது நியாயம்தான்.

மற்ற பகுதிகள் தயார். 1978இல் டைட்டோ நிறுவனம் வெளியிட்டது, வடிவமைத்தவர் தொமோஹிரோ நிஷிகாடோ, இன்டெல் 8080 செயலி, 11 வீதம் 5 வரிசையில் 55 எதிரிகள். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடுவதற்கான காரணத்தையும் விரிவாக எழுதியிருக்கிறேன். திரை ஒவ்வொரு முறை புதுப்பிக்கப்படும்போதும் ஓர் எதிரிதான் நகரும். எதிரிகள் குறைந்தால், எல்லாம் ஒருமுறை நகர்ந்து முடிக்கும் சுற்று சீக்கிரம் முடியும், மிச்சமிருப்பவை பாய்ந்து வரும். கட்டுரையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நாணய விஷயத்துக்கு ஆங்கிலப் புத்தகங்கள், பழைய இதழ்கள், இணையக் கட்டுரைகள் எல்லாம் தேடிவிட்டேன். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாகவே இருக்கின்றன. முதலில் யார் சொன்னார் என்பது எங்கும் இல்லை. இன்னொரு சிக்கல், 1978, 1979 ஆண்டுகளில் அச்சிடப்பட்ட 100 யென் நாணயங்கள் 1977ஐவிடக் குறைவு. உண்மையிலேயே தட்டுப்பாடு இருந்திருந்தால் கூடுதலாக அல்லவா அச்சிட்டிருப்பார்கள்? வரியை நீக்கவும் மனமில்லை, பரவலாக நம்பப்படும் கதை அது. ஆனால் வெறும் கட்டுக்கதை என்று எழுதவும் சான்று வேண்டுமே. எனக்கு ஜப்பானிய மொழி தெரியாததால் இதற்கு மேல் நகர முடியவில்லை.

1978–79 காலத்து ஜப்பானிய நாளிதழ்களில் இந்தத் தட்டுப்பாடு பற்றிச் செய்தி வந்ததா என்று, ஜப்பானிய மொழி தெரிந்த யாராவது தேடிப் பார்த்துச் சொல்ல முடியுமா?