மூன்று இலையிலேயே களையைக் கண்டுபிடிப்பது எப்படி? உங்கள் வயலில் பார்த்ததைச் சொல்லுங்கள்

மன்னார்குடி பக்கம், நெல்

கதிர் வந்த பிறகு குதிரைவாலியை (நாம் சாப்பிடுகிற சிறுதானியம் இல்லை, நெல் வயலில் களையாக வரும் அதன் இனப் புல்) யார் வேண்டுமானாலும் அடையாளம் காட்டிவிடலாம். அதற்குள் அது பயிருக்குப் போட்ட உரத்தைத் தின்று, விதையையும் உதிர்த்துவிட்டிருக்கும். நட்டு 30, 40 நாள் வரை வயல் சுத்தமாக இருந்தால்தான் நெல் நன்றாகத் தூர் கட்டும், அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும். அதனால் களை குட்டியாக இருக்கும்போதே எது என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்தப் பேச்சை ஆரம்பிக்கக் காரணம் அதுதான்.

எங்கள் பக்கம் குறுவையில் தொல்லை நாற்றங்காலிலேயே தொடங்கிவிடுகிறது. குதிரைவாலி நெல்லோடு சேர்ந்து முளைக்கிறது, நாற்று பறிக்கும்போது அதே முடிச்சில் கட்டுப்படுகிறது, கடைசியில் நம் கையாலேயே நடப்படுகிறது. அப்படி நட்ட செடி வரிசைக்குள்ளேயே நிற்கும். கோனோவீடர் என்கிற, கையால் தள்ளும் களைக் கருவி வரிசைகளுக்கு நடுவில்தான் ஓடும் என்பதால் இதைத் தொடவே தொடாது. நடவு வயலில் தேடுவதைவிட நாற்றங்காலில் ஒரு நாள் உட்கார்ந்து பொறுக்குவது எவ்வளவோ மேல் என்று நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான்: இலை தண்டைவிட்டுப் பிரிகிற மடிப்பு. இலையை மெல்லப் பின்னால் வளைத்துப் பாருங்கள். நெல்லாக இருந்தால் அங்கே வெள்ளையாக ஒரு மெல்லிய சவ்வு நீட்டிக்கொண்டிருக்கும், நுனி இரண்டாகப் பிளந்திருக்கும். பக்கத்திலேயே மயிரோடு சின்னக் காது போன்ற பகுதியும் இருக்கும். குதிரைவாலியில் சவ்வும் கிடையாது, காதும் கிடையாது, அந்த இடம் வெறுமையாக இருக்கும். முதல் இலையை வைத்து முடிவு செய்ய வேண்டாம், மூன்றாவது இலையில் பாருங்கள். அடித்தண்டு சிவந்திருந்தால் குதிரைவாலி என்று சிலர் சொல்வார்கள். அதை நம்ப முடியாது. சில நெல் ரகங்களுக்கும் அடி ஊதாவாகத்தான் இருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆசியாவில் கையால் களை எடுக்கும் வயல்களில், நெல்லைப் போலவே விறைப்பாக நிமிர்ந்து வளர்கிற குதிரைவாலி வகை உருவாகியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக, வேறு மாதிரித் தெரிந்ததை எல்லாம் நாம் பிடுங்கிப் போட்டோம். நெல் மாதிரித் தெரிந்தது தப்பித்து விதை போட்டது. அதனால்தான் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்லாதீர்கள், குனிந்து மடிப்பைப் பாருங்கள் என்கிறேன்.

கோரைக்கு இவ்வளவு சிரமம் இல்லை. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தட்டுப்படும், கணு இருக்காது.

திருமங்கலம் பக்கம், மானாவாரிச் சோளம்

அண்ணே, நீங்கள் சொல்கிற மாதிரி எங்களுக்கு இலையைப் பார்த்துக் கண்டுபிடிக்கிற வசதியே இல்லாத ஒரு களை இருக்கிறது. சுடுமல்லி. மண்ணுக்கு மேலே அது தலை காட்டும்போது பாதி வேலையை முடித்துவிட்டிருக்கும்.

எங்கள் கரிசல் காட்டில் ஒரு மூலையில் மட்டும் சோளம் வாடி நின்றது. நல்ல மழை பெய்து, கையில் எடுத்தால் மண் ஒட்டுகிற ஈரம். பூச்சியா, வேரழுகலா என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எங்கள் மாமியார் ஒரு சோளத்தை வேரோடு, மண் உதிராமல் தோண்டி, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பார்க்கச் சொன்னார். அலசினால் சோள வேரைப் பிடித்துக்கொண்டு வெள்ளை வெள்ளையாக முளைகள்! இழுத்துப் பார்த்தேன், வேரோடு ஒட்டியே வந்தது. அது சோளத்தின் வேருக்குள் வேரை விட்டுத் தண்ணீரையும் சத்தையும் உறிஞ்சுகிற செடி. இலை பச்சையாக இருப்பதால் பார்க்கிறவர்கள் சாதாரணக் களை என்று நினைத்துவிடுவார்கள். பிறகு சொரசொரப்பான ஒல்லி இலையோடு மேலே வந்து சின்னச் சின்ன வெள்ளைப் பூ விட்டது.

பூ பார்க்க அழகாகத்தான் இருக்கும், ஆனால் விட்டுவிடாதீர்கள். விதை தூசி மாதிரி, ஒரு செடியிலேயே பல ஆயிரம். மண்ணுக்குள் 10 வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சோள வேரிலிருந்து கசிகிற ஒரு பொருளை மோந்துதான் அது முளைக்கிறது. வேடிக்கை என்னவென்றால் பருத்தி வேரும் அதே மாதிரிப் பொருளைக் கசியவிடும். 1966இல் அதை முதலில் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான். பருத்தி போட்டால் சுடுமல்லி முளைக்கும், ஆனால் பருத்தி வேரில் ஒட்ட முடியாமல் செத்துப்போகும். நாங்கள் பூ பிடிக்கும் முன்னே பிடுங்கி எரித்துவிட்டு, அந்த மூலையில் பருத்திக்கு மாறினோம். ஒரு போகத்தில் தீராது, ஆனாலும் இப்போது சோளம் அங்கே நின்று வளர்கிறது.

சோளம் ஈரத்திலும் வாடினால் மருந்துக் கடைக்கு ஓடாமல் முதலில் வேரை அலசுங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லுவேன்.

ராமநாதபுரம், புழுதி விதைப்பு

அக்கா சொன்னதைப் படித்ததும் என் சோளக் காட்டுக்குப் போய்த் தோண்டிப் பார்க்கத் தோன்றுகிறது.

எங்களுக்கு நாற்றங்காலும் இல்லை, நடவும் இல்லை. மழைக்கு முன்னால் புழுதியில் விதைத்துவிட்டுக் காத்திருக்கிறோம். தண்ணீர் நிற்காத மண் என்பதால் நெல்லும் களையும் ஒன்றாகவே எழும்பும். காவிரிப் பாசனத்தில் தண்ணீர் கட்டி அடக்குகிற கிழங்குக் கோரை இங்கே ராஜா மாதிரி வாழ்கிறது. அதைக் கொத்தாதீர்கள். மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போலக் கோத்திருக்கும், கொத்தினால் சங்கிலி அறுந்து ஒவ்வொரு கிழங்கும் தனிச் செடியாகும். கோடை உழவில் கிழங்கை வெளியே கொண்டுவந்து வெயிலில் காயவிடுவதுதான் எங்களுக்குப் பலன் தந்தது.

குதிரைவாலியிலும் இங்கே அதிகம் வருவது குட்டையான, தரையோடு படர்கிற வகை. இலையில் குறுக்காக ஊதா நிறப் பட்டை இருந்தால் சந்தேகமே வேண்டாம். எல்லாச் செடியிலும் பட்டை இருக்காது, அப்போது மன்னார்குடி அண்ணன் சொன்ன மடிப்புதான்.

என் மனதை வாட்டுவது களை நெல். அதுவும் நெல்தான், அதனால் சவ்வும் உண்டு, காதும் உண்டு. மூன்று இலையில் யாராலும் பிரிக்க முடியாது. நெல்லுக்கு ஆகாத மருந்துதான் அதற்கும் ஆகாது. கொஞ்சம் உயரமாக, முந்திக் கதிர் விட்டு, நாம் அறுவடைக்கு வரும் முன்னே மணியை உதிர்த்துவிடும். பலவற்றில் உமிக்கு உள்ளே அரிசி சிவப்பு. வரிசையாக விதைத்த பிறகு, வரிசைக்கு வெளியே முளைத்த நெல்லை எல்லாம் எடுத்துவிடுகிறோம். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஹரியானாவில் உள்ள கர்னாலில் வேலை பார்க்கிறேன், சொந்த ஊர் கும்பகோணம்

இங்கே கோதுமையில் இதே கதை, செடி மட்டும் வேறு. ஃபலாரிஸ் மைனர் என்பது பெயர், இங்குள்ளவர்கள் மண்டூசி என்பார்கள், பஞ்சாபில் குல்லி டண்டா. கதிர் வரும்வரை கோதுமையோடு கோதுமையாக நிற்கும். இளஞ்செடியின் அடித்தண்டைக் கிள்ளினால் இளஞ்சிவப்பாகச் சாறு வரும், கோதுமையில் வராது. கோதுமைக்குத் தண்டை அணைக்கிற காது உண்டு, இதற்கு இல்லை. கோதுமையில் வரும் இன்னொரு களையான காட்டு ஓட்ஸுக்கும் காது இல்லைதான், ஆனால் அதில் சிவப்புச் சாறு கிடையாது.

வருஷா வருஷம் ஐசோபுரோட்டூரான் ஒன்றையே அடித்து, 1990களின் தொடக்கத்தில் அந்த மருந்துக்கு இது சாகாமல் போனது. நெல்லில் ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மன்னார்குடி பக்கம், நெல்

தம்பி சரியான இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். களை எது என்று தெரியாமல் மருந்து வாங்கினால் பணம்தான் வீண். 2,4-டி அகன்ற இலையையும் கோரையையும் சாய்க்கும், குதிரைவாலியை ஒன்றும் செய்யாது. பிஸ்பைரிபேக் சோடியம் குதிரைவாலிக்குக் கேட்கும், அதுவும் களை இரண்டு முதல் நான்கு இலையில் இருக்கும்போது. தண்ணீரை வடித்துக் களையின் மேல் படும்படி அடித்து, இரண்டு மூன்று நாள் கழித்துத் தண்ணீர் கட்ட வேண்டும். 10 சத மருந்து ஏக்கருக்கு 100 மில்லி போதும்.

அதற்கும் அடங்காத புல் ஒன்று உண்டு, லெப்டோகுளோவா என்பார்கள். ஒல்லி இலை, பூத்தால் செம்பழுப்பாக நூல் நூலாக விரியும். அதன் மடிப்பில் சவ்வு இருக்கும், ஆனால் மயிர் மயிராகக் கிழிந்திருக்கும். நெல்லின் சவ்வு முழுசாக, நுனியில் மட்டும் பிளந்திருக்கும். இந்த வித்தியாசத்தைப் பார்க்க எனக்குக் கண்ணாடி தேவைப்படுகிறது, சின்னப் பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுகிறார்கள்.

ராமநாதபுரம் தம்பிக்கு: விதைப்புக்கு முன்னால் ஒரு மழை கிடைத்தால் விதைக்காமல் விடுங்கள். உதிர்ந்து கிடக்கிற களை நெல் முளைத்து வந்ததும் உழுது அழித்துவிட்டு, அடுத்த ஈரத்தில் விதையுங்கள். விதை நெல்லையும் கையில் கொஞ்சம் உரித்துப் பாருங்கள், வெள்ளை ரகத்தில் சிவப்பு அரிசி தென்பட்டால் அந்த மூட்டையை விதைக்கு வைக்காதீர்கள்.